முடிவுக்கோடு இல்லாத எல்லைக்கல்

மாசி மாதம் ஏழாம் தேதி, அத்தப்பன் தன்னுடைய பயணத்தை முப்பத்துநாலாவது தடவையாகத் தள்ளிவைத்த அன்று மத்தியானம், ராஜஸ்தானத்து மணல்காட்டின் கடைக்கோடியில் ராஜாக்கள் காலத்திலிருந்து நின்றுகொண்டிருந்த எல்லைக்கல் தன் குழியை விட்டு வெளியே வந்து, தெற்கே திரும்பி, நடக்கத் தொடங்கியது.

பொழுது சாய்வதற்குள் செய்தி கருக்கம்பாளையத்துக்கு வந்துவிட்டது. திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களைப் போல அதுவும் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிகளின் ஊர். வீட்டுக்கு ஒருவன் வடக்கே எங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான், துளைக்காதவன் துளைத்து முடித்து வந்து இடுப்புவலியோடு டீக்கடையில் உட்கார்ந்திருப்பான், ஆகவே இந்த தேசத்தில் எந்த ரோட்டில் எந்த மைலில் எந்தப் புளியமரம் நிற்கிறது என்பது அந்த ஊருக்குத் தெரியும். பொங்கியண்ணன் என்கிற டிரைவர் அங்கிருந்து டீக்கடைக்குப் போன் போட்டு, கல் இருந்த இடத்தில் இப்போது குழிதான் இருக்கிறதென்றும், குழியிலிருந்து யானை பெரிய மரக்கிளையை இழுத்துப்போன மாதிரி தெற்கே ஒரு தடம் போகிறதென்றும் சொன்னபோது, கடையில் இருந்தவர்கள் கேட்டதெல்லாம் அது அகமதாபாத் வழியாக வருகிறதா, இந்தூர் வழியாக வருகிறதா என்பதுதான். இந்தூர் வழி சுற்று என்றார் ஒருவர். கல்லுக்கு என்ன அவசரம் என்றார் இன்னொருவர்.

அத்தப்பன் மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், எழுத்து சரியாக வராது, ஆனால் யார் எந்த வருஷம் என்ன வார்த்தை சொன்னார்கள் என்பது ஒன்றுவிடாமல் மனசில் நிற்கும். சின்ன வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் தன் இலையைத் தாண்டிப்போய் அடுத்த இலைக்கு வடை வைத்தவனை அவர் மன்னிக்கவில்லை; அவன் செத்துப் பதினெட்டு வருஷமாகியும் அவன் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. அப்படிப்பட்ட மனசில் எல்லாவற்றுக்கும் அடியில், மற்றதெல்லாம் எதன்மேல் அடுக்கப்பட்டிருந்ததோ அந்த இடத்தில், ராக்கியண்ணனின் சிரிப்பு கிடந்தது.

ராக்கியண்ணன் அவர் தங்கை பாவாயியின் புருஷன். இருவரும் ஒரே வண்டியில் வேலை செய்தார்கள். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டி, ஆடு மேய்க்கிற ஜனங்களுக்குத் தண்ணீர் பார்ப்பதற்காக, அந்த எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நெஞ்சு உயரம் இருக்கும் அந்தக் கல். மஞ்சள் கல், மூன்று பக்கம். ஒரு ராஜா தன் பக்கத்தில் சூரியனைச் செதுக்கியிருந்தான், இன்னொரு ராஜா தன் பக்கத்தில் ஒட்டகத்தைச் செதுக்கியிருந்தான், மூன்றாவது பக்கம் யாருக்கும் சொந்தமில்லாத மணலைப் பார்த்தபடி மழமழவென்று வெறுமையாக இருந்தது. ராஜாக்கள் போய், எல்லையும் இன்னும் மேற்கே தள்ளிப்போய், கல் மட்டும் எதைப் பிரிக்கிறோம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

இருபதடி இரும்புக் குழாய்களான ராடுகள் முப்பத்திரண்டு இறங்கியிருந்தபோது அத்தப்பன் லீவரைப் பிடித்தபடியே கண் அயர்ந்துவிட்டார். துளைக்குள் பாறையை உடைக்கிற ஹேமர் சிக்கிக்கொண்டது. வண்டிக்காரர் வந்து யார் கை என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், ராக்கியண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே, "மச்சான் கைதானுங்க. நின்னுக்கிட்டே தூங்கற வித்தை எங்க குடும்பத்துல அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும்" என்றார். வண்டிக்காரரும் சிரித்துவிட்டார், சமையல்காரரும் சிரித்தார், தமிழ் தெரியாத ஆட்டுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அத்தப்பன் ஒருவேளை மறந்திருப்பார். அது உண்மை.

வண்டி அடுத்த வேலைக்குப் போயாகவேண்டும். துளைக்குள் கிடக்கிற ராடுகளுக்கும் மேலே கிடக்கிற பைப்புகளுக்கும் ஓர் ஆள் காவலிருக்கவேண்டும், இன்னோர் ஆள் ஜோத்பூர் போய், சிக்கிய ஹேமரைக் கவ்வி மேலே இழுக்கிற கருவியை வாங்கிவர வேண்டும். காவலுக்கு ராக்கியண்ணன் நின்றார். கிளம்பும்போது அத்தப்பன், "இந்தக் கல்லுகிட்டயே நில்லு மாப்பிள்ளை, நாலு நாள்ல கவ்வியோட வந்துர்றேன்" என்றார். "வராம எங்க போயிருவீங்க மச்சான்" என்று அதற்கும் ராக்கியண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜோத்பூர் வரைக்கும் கூடவே வந்தது, ஸ்டேஷன் பிளாட்பாரத்திலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது, எதிரே தெற்கே போகிற ரயில் நின்றது, அவன் இன்னும் நாலு நாள் சேர்த்து அங்கேயே நிற்கட்டும், அப்போது சிரிப்பு வருகிறதா பார்க்கலாம் என்று அத்தப்பன் அதில் ஏறிவிட்டார்.

ஊரில் வாசலிலேயே பாவாயி கேட்டாள். ராக்கியண்ணன் அங்கே ஒருத்தியோடு குடும்பம் வைத்துவிட்டார், இனி வரமாட்டார், தேடிக்கொண்டும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் என அத்தப்பன் சொன்னார். பத்து நாளைக்கு இருக்கட்டும் என்று சொன்ன பொய் அது. வண்டிக்காரருக்கும் அதே பொய்யைச் சொல்லவேண்டியிருந்தது. அவர் காறித் துப்பிவிட்டு ராடுகளைத் தலைமுழுகினார். பத்து நாள் ஒரு மாசமாயிற்று, மாசம் வருஷமாயிற்று, வருஷம் கழித்து அந்தப் பக்கம் போன வேறு வண்டிக்காரர்கள் கல் இருக்கிறது, துளை இருக்கிறது, ஆள் யாரும் இல்லை என்றார்கள். பாவாயி தாலியைக் கழற்றவில்லை. அண்ணன் வீட்டை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்து, தறிப் பட்டறையில் நூல் தார் சுற்றி வயிறு கழுவினாள். விசேஷ வீடுகளில் குங்குமத் தட்டு நீட்டிக்கொண்டு வருகிறவள் பாவாயி முன்னால் வந்ததும் ஒரு கணம் நிற்பாள், கொடுக்கலாமா வேண்டாமா என்று. அந்த ஒரு கணத்தை அத்தப்பன் முப்பத்துநாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். போய் ஆளைக் கூட்டிவருவது. ஆகவே வருஷா வருஷம் தை கழிந்ததும் பயண ஏற்பாடு தொடங்கும். ஊரில் கேட்டால், அந்த எல்லைக்கல்லை ஒருதரம் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பார். மூன்றாம் வருஷமே கொல்லுப்பட்டறையில் சொல்லி ஒரு கவ்வி அடித்துக் கட்டிலுக்கடியில் வைத்தார், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்கு எண்ணெய் போட்டார். ஜெராக்ஸ் கடைக்குப் போய் லிஸ்ட் எழுதச் சொல்வார்: தண்ணீர்க் கேன், கம்பளி, குளுக்கோஸ், வறுத்த கடலை, கறுப்புக் கண்ணாடி, ஆதார் நகல் நாலு, எல்லைப்பக்கம் என்பதால் அந்த ஊர் கலெக்டர் ஆபீஸ் அனுமதிக்கு ஒரு மனு. கடைக்காரப் பெண் இப்போதெல்லாம் அவர் வாய் திறக்குமுன்பே எழுதி முடித்துவிடுகிறாள். சேலத்தில் ஏறவேண்டிய ரயில், பெங்களூரில் மாறவேண்டிய ரயில், இறங்கி எழுபது மைல் பஸ், பஸ் நின்றபிறகு பன்னிரண்டு மைல் மணல், எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறகு முழங்கால் வலிக்கும். கரும்பு வெட்டு வரும். எலெக்‌ஷன் வரும். ஒரு வருஷம் ஒன்றுமே வரவில்லை. அந்த வருஷம், அவன்தானே சிரித்தான், அவன் வந்து கேட்கட்டும் என்று வீட்டுச் சுவரிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இப்போது கல்லே கிளம்பிவிட்டது.

அது எப்படி நடக்கிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் நின்றது, பார்க்கிறவர் சோறு தின்னத் திரும்பினால், டயர் கழற்றக் குனிந்தால், கண்ணில் தூசி விழுந்து கசக்கினால், ஒரு பர்லாங்கு முன்னே போயிருந்தது. நாளுக்குப் பதினாறு மைல், தூரம் நடந்து களைத்த மனுஷனின் வேகம். சிரோஹியில் பெட்ரோல் பங்க் ஓரம் நிற்பதாக ஒரு வண்டி சொன்னது, பரோடா தாண்டி மேம்பாலத்தடியில் நிற்பதாக இன்னொரு வண்டி சொன்னது, பார்த்த வண்டிகள் எல்லாம் புது லாரிக்குச் செய்வதுபோல் அதன் காலடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு வந்தன, சத்தாராவில் யாரோ மிளகாய்ச் சரம் கட்டிவிட்டார்கள், ஹூப்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு சுங்கச்சாவடியில் இதை எந்த வகை வண்டி என்று எழுதுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார்கள். டீக்கடைச் சுவரில் கல் எங்கே வந்திருக்கிறதென்று தினமும் கரியால் எழுதினார்கள். பேப்பரில் மழைச் செய்தி பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

கல் எதற்கு வருகிறது என்று ஊர் கேட்கவில்லை. வந்தால் எங்கே நிறுத்துவது என்பதே பெரிய பேச்சாக இருந்தது. எல்லைக்கல் நிற்கிற இடம் எல்லையாகிவிடும், நம் வீடு எந்தப் பக்கம் விழும் என்று கிழக்கு வளவுக்காரர்கள் பயந்தார்கள். வி.ஏ.ஓ. வந்து புத்தகத்தைப் புரட்டி, கல்லை நகர்த்தினால்தான் குற்றம், கல்லே தானாக நகர்ந்தால் அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். சாமியாக வரவில்லை, விருந்தாளியாகத்தான் வருகிறது, ஆகவே கற்பூரம் வேண்டாம் என்றார் பூசாரி. கடைசியில், தண்ணீர் இல்லாத சீமையிலிருந்து வருவதால் வழிநெடுகத் தண்ணீர் வைப்பது என்று முடிவாயிற்று, ரோட்டோரம் வீட்டுக்கொரு குடம் வைத்தார்கள், பாவாயியும் ஒரு குடம் வைத்தாள், சாயங்காலம் தார் சுற்றிவிட்டு வந்து தூசி விழுந்த தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றினாள்.

அத்தப்பன் பொங்கியண்ணனுக்குப் போன் போட்டு, யாராவது அதைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டார். "கல்லுகிட்ட என்ன பெரியப்பா சொல்றது?" என்றான் அவன். நானே வருகிறேன் என்று சொல்லச் சொன்னார். எத்தனை தரம்தான் சொல்வீர்கள் என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் அவர் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார்.

கல் தருமபுரி தாண்டிய அன்று அவர் பஸ் ஏறி, தொப்பூர்க் கணவாயில் இறங்கி, ரோட்டோரம் காத்திருந்தார். உச்சி வெயிலில், லாரிகள் முக்கி முனகி ஏறுகிற வளைவில், அது நின்றுகொண்டிருந்தது. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன் பார்த்த அதே சூரியன், அதே ஒட்டகம். அடிப்பக்கம் தேய்ந்து, ஒரு விரற்கடை குட்டையாகியிருந்தது. மூன்றாவது பக்கம் மலையைப் பார்த்திருந்தது. நாலு எட்டு வைத்துச் சுற்றிப்போனால் பார்த்துவிடலாம். அவர் போகவில்லை. எதிரே நின்று, திரும்பிப் போ, வருகிற தையில் கட்டாயம் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று என்று பொய் சொன்னார். கல் எப்போதும் போல நின்றது. வெயில் தாங்காமல் அதன் நிழலிலேயே உட்கார்ந்தார். கல்லில் இன்னும் அந்த மணலின் வாசம் இருந்தது, உச்சியில் வெந்து, பொழுது இறங்கியதும் சட்டென்று குளிர்ந்துபோகிற மணலின் வாசம். கண்ணை மூடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், லீவரைப் பிடித்தபடி அயர்ந்ததுபோலவே அயர்ந்துவிட்டார். விழித்தபோது மேலே நிழல் இல்லை. கல் கணவாயை இறங்கிவிட்டிருந்தது.

வைகாசி ஏழாம் தேதி காலை அது வந்து சேர்ந்தது. கிழக்கு வளவுக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை, ஊர் பேசி ஒதுக்கிவைத்த இடத்துக்கும் போகவில்லை. அத்தப்பன் வீட்டுக்கும் பாவாயி வீட்டுக்கும் நடுவில் இருந்த மூன்றடிச் சந்தில், இரண்டு சுவருக்கும் படாமல், அளந்து நட்டதுபோல் நின்றது. சூரியன் ரோட்டைப் பார்த்திருந்தது, ஒட்டகம் அத்தப்பன் வீட்டைப் பார்த்திருந்தது. வெறுமையாக இருந்த பக்கம் பாவாயி வாசலைப் பார்த்திருந்தது. அது இப்போது வெறுமையாக இல்லை.

போர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ராடு உள்ளே இறங்கினால் வண்டியில் சாக்குக் கட்டியால் ஒரு நேர்க்கோடு போடுவார்கள், அடுத்ததற்கு இன்னொன்று, நாலு கோடு ஆனதும் ஐந்தாவதை அந்த நாலின்மேல் சாய்த்துப் போடுவார்கள். துளை முடிந்தால் எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு படுகோடு. அதற்கு முடிவுக்கோடு என்று பெயர். அதைப் போர்க்காரன் தானாகப் போட்டுவிடக்கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரர் வந்து, எட்டிப்பார்த்து, "போதும்" என்று வாயால் சொன்னபிறகுதான் போடவேண்டும். தண்ணீர் பீறிட்டு அடித்தாலும் சரி, புழுதி மட்டும் வந்தாலும் சரி, அந்தச் சொல் வராமல் துளையை ஆளில்லாமல் விட்டுப்போகிறவன் கருக்கம்பாளையத்துக்காரன் இல்லை.

கல்லின் மூன்றாவது பக்கம் முழுக்க அந்தக் கோடுகள். ஆணியால் கீறியவை. ஆரம்பத்தில் நேராக, ஆழமாக இருந்தவை கீழே வரவரக் கோணி, கடைசியில் நகத்தால் கீறியதுபோல் மங்கியிருந்தன. பாவாயி தரையில் உட்கார்ந்து, விரலை வைத்து, ஐந்து ஐந்தாக எண்ணினாள். சந்தின் இரண்டு முனையிலும் ஊர் நின்றுகொண்டிருந்தது. அத்தப்பன் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தத் துளையில எத்தன ராடு எறங்குச்சுன்னு சொன்னீங்க?"

"முப்பத்திரண்டு."

"இதுல நூத்தி நாப்பத்தொண்ணு இருக்குதுங்க."

வேறு வண்டிக்காரர்கள் போட்டதாக இருக்கும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அப்படித்தான் இருக்கும், அந்தப் பக்கம் எத்தனை வண்டி போய்வருகிறது என்று இன்னொருவர் ஒத்துப்பாடினார். ஊர் அவருக்கு வழியைத் திறந்துவிட்டிருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கல்லைக் கிழக்கு வளவுக்கு நகர்த்துவதா வேண்டாமா என்று பேச்சு திரும்பிவிடும், முப்பத்தைந்தாவது வருஷம் வரும், லிஸ்ட் எழுதலாம். அத்தப்பன் கோடுகளுக்குக் கீழே பார்த்தார். முடிவுக்கோடு இல்லை. அது இருந்திருந்தால் அவர் அந்த ஆமாமைச் சொல்லியிருப்பார்.

"அது ராடு இல்ல பாவாயி. நாளு."

"யாரோட நாளு?"

"மாப்பிள்ளையோட நாளு. கவ்வியோட வர்றேன், இந்தக் கல்லுகிட்டயே நில்லுன்னு நாந்தான் சொன்னேன். சொல்லிப்போட்டு ஊருக்கு ரயிலேறிட்டேன். குடும்பம் வெச்சுட்டான்னது நாஞ் சொன்ன பொய்யி."

கூட்டத்தில் நின்ற பெண்களில் விசேஷ வீடுகளில் குங்குமத் தட்டு நீட்டியவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், அவர்கள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் போனார்கள். பாவாயி ரோட்டோரம் வைத்திருந்த குடத்தை எடுத்துவந்து, கல்லின் தலையில் மெதுவாக, ஒரு சொட்டு சிந்தாமல் எல்லாம் அந்தக் கோடுகளின்மேல் வழியும்படி ஊற்றினாள். ஊற்ற ஊற்றக் கல் குடித்தது, தரை நனையவில்லை. நாலு குடம் ஊற்றினாள். பிறகு திரும்பினாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.

"போயி நில்லுங்க. நான் வர்றேன்."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அத்தப்பன் கட்டிலுக்கடியிலிருந்து கவ்வியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். லிஸ்ட் எழுதவில்லை, மனு எழுதவில்லை, முழங்கால் வலித்ததைக் கேட்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் மனப்பாடமாக வைத்திருந்த வழி நாலே நாளில் முடிந்துபோனது. அனுமதி கேட்டுத் தடுக்க வேண்டியவர்கள் தோளில் இரும்போடு வந்த கிழவரைப் பார்த்து, ஏதோ காணாமற்போன வண்டியின் ஆள் என்று விட்டுவிட்டார்கள். பன்னிரண்டு மைல் மணலில் கல் வந்த தடத்தின் மேலேயே எதிர்ப்பக்கமாக நடந்தார். தடம் ஒரு குழியில் போய் முடிந்தது. குழிக்குள் இறங்கி நின்றார். இடுப்புவரை சரியாக இருந்தது.

பக்கத்தில் பழைய துளையின் பைப் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூறு வயது இருக்கும் ஓர் ஆட்டுக்காரர் வந்து, கை ஜாடையாலும் அரைகுறை இந்தியிலும் சொன்னார்: இங்கே ஒருவன் நின்றான், நாங்கள் கொடுத்த தண்ணீரைத்தான் குடித்தான், வண்டிச் சத்தம் கேட்டால் அந்தக் கல்மேல் ஏறிப் பார்ப்பான், எங்களோடு வா என்றால் ஆள் வருவார் என்று சிரிப்பான். ஒருநாள் வந்து பார்த்தோம், இல்லை. போன கால்தடமும் இல்லை. கடைசிவரை சிரித்தானா என்று அத்தப்பன் கேட்டார். கடைசிவரை சிரித்தான் என்று ஆட்டுக்காரர் சொன்னார். அத்தப்பனுக்கு முதல் தடவையாக அந்தச் சிரிப்பு தன்னைக் குறித்தது அல்ல என்று பட்டது. அதைப் போய்ச் சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை.

அவர் ஆணியால் அந்தப் பைப்பில் முதல் கோட்டைக் கீறினார்.

கல்லில்லாத இடத்தில் ஆள் நிற்பதை அந்தச் சீமை சீக்கிரமே பழகிக்கொண்டது. ஆட்டுக்காரர்கள் தோல்பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், வெயிலுக்கு ஒரு முண்டாசும் கட்டிவிட்டார்கள், பக்கத்து ஊருக்கு வழி சொல்கிறவர்கள் கிழவரிடமிருந்து வடக்கே திரும்பு என்று சொல்லத் தொடங்கினார்கள். எல்லையைச் சுற்றிப்பார்க்க வந்த அதிகாரி ஒருவர் தன் காகிதத்தைப் பார்த்தார், அதில் அந்த இடத்தில் ஓர் அடையாளம் இருக்கவேண்டும் என்று போட்டிருந்தது, நிமிர்ந்து பார்த்தார், ஓர் அடையாளம் இருந்தது, டிக் அடித்துவிட்டுப் போய்விட்டார். திருச்செங்கோட்டு வண்டிகள் போகிற வழியில் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தோடு சோற்றுப் பொட்டலமும் வைத்துவிட்டுப் போயின. பொழுது முழுக்கப் பேச ஆளில்லை. காற்று துளையின் வாயில் ஊதும்போது யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும், என்ன மாப்பிள்ளை என்பார், காற்று நின்றுவிடும். கவ்வியைத் துளைக்குள் இறக்கிப் பார்க்க அறுநூற்று நாற்பது அடிக் கயிறு வேண்டும். இருந்தது இருபது அடி.

நூற்று நாற்பத்தொன்றாம் நாள் அவள் வந்துவிடுவாள் என்று ஏனோ அவருக்கு நிச்சயமாகத் தோன்றியிருந்தது. கணக்கு அப்படித்தான் நேராகும் என்று நினைத்தார். அன்று காலையில் முகம் கழுவி, சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு நின்றார். வந்து எட்டிப்பார்த்துப் போதும் என்று ஒரு சொல் சொல்வாள், இரண்டு கோட்டையும் கீறிவிட்டு அப்படியே அவள் பின்னால் நடந்துவிடலாம். அன்று யாரும் வரவில்லை.

மறுநாள் பத்து மணி வாக்கில் பொங்கியண்ணனின் வண்டி வந்தது. ஊரிலிருந்து நேராக வந்திருந்தான். கல் அதே சந்தில்தான் நிற்கிறது என்றான், யாரும் அதை எல்லை என்று சொல்வதில்லை, காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பாவாயி தார் சுற்றப் போகிறாள், விசேஷ வீடுகளில் இப்போது முதல் குங்குமம் அவளுக்குத்தான், அவள்தான் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசிக்கிறாள் என்றான். அத்தப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில்தான் கேட்டார்.

"வர்றாளாமா?"

"வர்றாங்க பெரியப்பா. ஜெராக்ஸ் கடையில லிஸ்ட்டெல்லாம் எழுதியாச்சு. தண்ணிக் கேனு, கம்பளி, குளுக்கோசு, ஆதார் நகல் நாலு. பொறப்படற நேரத்துல கால்ல வலி வந்திருச்சு. தை பொறந்ததும் வர்றேன்னு சொல்லச் சொன்னாங்க."

"போதும்னு ஏதாச்சும் சொல்லிவிட்டாளா?"

பொங்கியண்ணன் யோசித்துப் பார்த்தான். யோசிக்கிறவன் பொய் சொல்லத் தேடுகிறானோ என்று அத்தப்பன் அவன் முகத்தையே பார்த்தார்.

"அந்த வார்த்தை சொல்லலீங்க."

வண்டி போன பிறகு புழுதி அடங்க வெகுநேரமாயிற்று. அத்தப்பன் ஆணியை எடுத்து நேற்றைய கோட்டுக்குப் பக்கத்தில், நேராக, ஆழமாக, இன்னொரு கோடு கீறினார். கீறிவிட்டு நிமிர்ந்து தெற்கே பார்த்தார். அந்தப் பக்கம் மணலில் கல் போன தடம் இன்னும் அழியாமல் கிடந்தது, கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை நேராகப் போயிற்று, அதில் யாரும் வந்துகொண்டிருக்கவில்லை.